விலை அதிகம் என்று சொல்லுங்கள், திருடன் என்று சொல்லாதீர்கள்

நேற்றைய பதிவின் கீழே நடந்ததைப் பெரும்பாலானவர்கள் பார்த்திருப்பீர்கள். ஸ்பெயினின் அல்பசேத்தே ஊரில் கையால் செய்யும் மடக்குக் கத்தியின் படம் போட்டேன். 'இதுக்கு 200 யூரோவா? திருட்டுக் கும்பல்' என்று ஒருவர் எழுத, அதற்கு அத்தனை சிரிப்புக் குறிகள். விலை அதிகம் என்று சொல்லுங்கள், கேட்டுக்கொள்கிறேன். திருடன் என்று சொல்லாதீர்கள்.

லா மாஞ்சா சமவெளியில் இருக்கும் அந்த ஊரில் கத்தி செய்வது தலைமுறைத் தொழில். கத்திக்கென்றே 2004 முதல் ஒரு அருங்காட்சியகம் இருக்கிறது. நான் போன பட்டறையில் அப்பா அலகைச் சாணை பிடித்துக்கொண்டிருந்தார், மகள் கைப்பிடிக்கு மான் கொம்பை அராவிக்கொண்டிருந்தார். பழைய பாணி நவாஹாவில் (இந்த மடக்குக் கத்தியின் ஸ்பானியப் பெயர்) அலகின் அடியில் பற்கள் வெட்டியிருப்பார்கள். விரிக்கும்போது முதுகிலுள்ள ஸ்பிரிங் ஒவ்வொரு பல்லாக விழுந்து 'கர்ர்ர்' என்று கேட்கும். கடைசியில் பூட்டிக்கொள்ளும், வளையத்தை இழுத்தால்தான் மடங்கும். அன்று அந்தச் சத்தம் அப்பாவுக்குத் திருப்தியாக இல்லை. கழற்றினார், அரத்தால் ஒரு இழுப்பு, மாட்டினார், காதோரம் வைத்து விரித்தார், மறுபடி கழற்றினார். அந்த நேரத்துக்கும் சேர்த்துத்தான் விலை.

'தொழிற்சாலைக் கத்தியும் வெட்டத்தானே செய்கிறது?' வெட்டும். என் சமையலறையில் இருப்பதும் அதுதான். அதை வாங்குபவரை நான் குறை சொல்லவே இல்லையே!

'ஆயுதத்தைப் புகழலாமா' என்று இன்னொருவர். அலகு 11 செ.மீ.க்கு மேல் இருந்தால் வெளியே எடுத்துப்போக அந்த நாட்டுச் சட்டமே விடாது. விவசாயிகள் ரொட்டியும் பாலாடைக்கட்டியும் நறுக்க இடுப்பில் வைத்திருந்த கத்தி அது. சரி, இதற்கு மேல் விளக்க எனக்குப் பொறுமை இல்லை.

பாலாடைக்கட்டி என்றதும் இதையும் சொல்லிவிடுகிறேன். அதே மண்ணின் மாஞ்செகோ பாலாடைக்கட்டிக்கு ஐரோப்பிய ஒன்றியம் 1996-லேயே பெயர்ப் பாதுகாப்பு கொடுத்துவிட்டது. அதை நறுக்கும் கத்திக்கு அப்போது கிடைக்கவில்லை. கைவினைப் பொருட்களுக்கும் புவிசார் குறியீடு தரும் சட்டம் 2023-ல்தான் வந்தது, அதுவும் நடைமுறைக்கு வர 2025 டிசம்பர் ஆனது. இடைப்பட்ட காலமெல்லாம் எங்கோ அச்சில் அடித்த மலிவுக் கத்தியில் ஊர்ப்பெயரைப் பொறித்து விற்றார்கள். அவர்களைத் திருடன் என்று உங்களில் ஒருவரும் எழுதவில்லை. நாள் முழுக்கச் சாணைத் தூசியில் நின்று, சத்தம் சரியில்லை என்று தன் கத்தியைத் தானே கழற்றிப் போடுகிற மனிதரை எழுதுகிறீர்கள். எனக்கு இது பொறுக்கவில்லை.