மேசைக்கு இந்தப் பக்கம்

19 வயதில் யாராவது பிடித்த எழுத்தாளர் யார் என்று கேட்டால் யோசிக்காமல் ஜெயகாந்தன் என்பேன். 1966-ல் விகடனில் வந்த 'அக்னிப் பிரவேசம்' கதையில், கெட்டுப்போய் வந்து நிற்கும் மகளின் தலையில் தண்ணீரை ஊற்றி, நீ சுத்தமாகிவிட்டாய் என்று சொல்கிற அந்த அம்மாவின் தைரியம் எனக்குள்ளும் இருப்பதாக நம்பினேன். ஹாஸ்டலில் விடிய விடிய அதைப் பேசியிருக்கிறோம். பேசியதெல்லாம் மனதாரப் பேசியதுதான். ஆனால் யாராக இருக்க ஆசைப்பட்டேன் என்பதுதான் அதில் தெரிந்தது. யாராக இருக்கிறேன் என்று தெரிய இன்னும் 20 வருடம் ஆனது. அதைக் காட்டியவர் அசோகமித்திரன்.

அவருடைய 'புலிக்கலைஞன்' கதையைப் படித்திருப்பீர்கள். சினிமா கம்பெனி அலுவலகத்துக்கு வாய்ப்பு கேட்டு வருகிறான் காதர். புலிமுகத்தை மாட்டிக்கொண்டதும் ஆளே மாறி மேசை மேல் பாய்கிறான். அங்கே இருப்பவர்களுக்கு மூச்சே நின்றுவிடுகிறது. ஆனால் கொடுக்க வேலை இல்லை. பிறகு ஒரு வாய்ப்பு வரும்போது அவனுக்குக் கடிதம் போடுகிறார்கள், அது திரும்பி வந்துவிடுகிறது.

முதன்முறை படித்தபோது கையில் ஃபைலை வைத்துக்கொண்டு கம்பெனி கம்பெனியாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தேன். காதர் நான்தான், வேறு யார்? அழுதேன்.

இப்போது எனக்கு 41. கோவையில் ஒரு பம்ப்செட் கம்பெனியில் ஆள் எடுக்கும் வேலை. போன மாதம் ஐம்பது தாண்டிய ஒரு டர்னர், லேத் மெஷினில் இரும்பு, பித்தளை கடைபவர், வந்தார். முப்பது வருடமாக லேத்தில் நின்றவர், இருந்த பட்டறையை மூடிவிட்டார்களாம். சர்டிஃபிகேட் எதையும் எடுக்கவில்லை. சட்டைப் பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து முடிச்சை அவிழ்த்தார். உள்ளே பித்தளையில் ஒரு நட்டும் போல்ட்டும், சுண்டுவிரல் நகம் அளவுதான் இருக்கும். "திருகிப் பாருங்க தம்பி" என்றார். விரல் நுனியால் தட்டிவிட்டால் போதும், நட்டு தானாகச் சுற்றிக்கொண்டு இறங்கியது. ஆட்டமே இல்லை. நான் மூன்று தடவை திருகிப் பார்த்தேன்.

"இப்பல்லாம் சிஎன்சி தானுங்களே அண்ணா" என்றேன். உண்மைதான், கம்ப்யூட்டர் ஓட்டும் சிஎன்சி மெஷின்கள்தான் எல்லாம், கையால் ஓட்டும் பழைய லேத் எங்களிடம் ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. டீ வாங்கிக் கொடுத்தேன். பஸ்ஸுக்கு என்று 200 ரூபாய் கொடுத்தேன். வேண்டாம் என்று சொல்லிவிட்டு அப்புறம் வாங்கிக்கொண்டார். அன்று சாயங்காலம் மனசு நிறைவாக இருந்தது. நல்லபடியாக நடந்துகொண்டோம் என்று தோன்றியது.

அந்த வாரக் கடைசியில் தற்செயலாகத் தொகுப்பை எடுத்து அதே கதையைத் திரும்பப் படித்தேன். மேசைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தேன். கதை முழுக்க இந்தப் பக்கத்திலிருந்துதான் சொல்லப்படுகிறது என்பதே அன்றைக்குத்தான் கண்ணில் பட்டது. அசோகமித்திரனும் ஜெமினி ஸ்டுடியோவில் வருடக்கணக்காக அலுவலக நாற்காலியில் இருந்தவர். வந்து நிற்பவர்களைத் தினமும் பார்த்தவர். கதையில் யாருமே கெட்டவர்கள் இல்லை. எல்லோருக்கும் இரக்கம் இருக்கிறது. இரக்கத்தோடுதான் அவனை அனுப்பி வைக்கிறார்கள். என்னுடைய டீயும் 200 ரூபாயும் எதற்கு என்று அங்கே புரிந்தது. அவர் சீக்கிரம் எழுந்து போக வேண்டும், போகும்போது என்மேல் வருத்தம் இருக்கக் கூடாது. அவ்வளவுதான். இருபது வருடமாக இதைத்தான் என் நல்ல குணம் என்று நினைத்து வந்திருக்கிறேன்.

பிடித்த எழுத்தாளரின் நல்ல வரியை எடுத்துப் போட்டு 'இது நான்தான்' என்று எழுதுகிறோமே, அதில் எனக்கு இப்போது நம்பிக்கை போய்விட்டது. அந்த வரியை நாம்தானே தேர்ந்தெடுக்கிறோம். நாம் தேர்ந்தெடுக்காத இடத்தில், பக்கத்தை மூடிவிடலாமா என்று கை போகிற இடத்தில் நம்மை உட்கார வைப்பவர்தான் நமக்கான எழுத்தாளர் என்று நினைக்கிறேன். அசோகமித்திரன் 2017-ல் போய்விட்டார். இன்னும் என்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

ஒன்று சொல்ல வேண்டும். கதையில் அவர்களிடம் கடிதம் போட ஒரு விலாசமாவது இருந்தது. திங்கட்கிழமை ஆபீஸ் போனதும் டர்னரின் நம்பரைத் தேடினேன். நான் வாங்கவே இல்லை. வாட்ச்மேனிடம் கேட் ரிஜிஸ்டரை வாங்கிப் பார்த்தேன். 'வேலை கேட்டு' என்று மட்டும் எழுதியிருந்தது. பீளமேட்டுப் பக்கம் பட்டறை வைத்திருக்கும் இரண்டு மூன்று பேரிடம் விசாரிக்கச் சொல்லியிருக்கிறேன்.