மாடலை உடைக்காமலும் திட்டலாம், ஐயா

அந்த ஆர்க்கிடெக்சர் காலேஜ் வீடியோவைப் பார்க்காதவர்கள் இந்நேரம் யாரும் இருக்க மாட்டீர்கள். முந்தாநாளிலிருந்து எனக்கே ஏழெட்டுப் பேர் அனுப்பிவிட்டார்கள், கூடவே சிரிக்கிற பொம்மை வேறு. மாணவர்களின் டிசைனைப் பார்த்து மார்க் போடும் ஜூரியில் இருந்த பெரியவர் எழுந்து வருகிறார். ஒரு பையன் அட்டையில் செய்த நூலக மாடலின் கூரையைப் பிய்த்து எடுத்து, "இப்ப வெளிச்சம் வருது பாரு" என்கிறார். பின்னால் இருப்பவர்கள் சிரிக்கிறார்கள். பையனும் சிரிக்கிறான். அவன் சிரிப்பைத்தான் என்னால் பார்க்க முடியவில்லை.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அவர் கண்டுபிடித்த தப்பு சரிதான். அந்த நூலகத்தின் நடுக்கூடத்துக்கு வெளிச்சம் வராது. சுவரில் தொங்கும், கட்டடத்தைக் குறுக்கே வெட்டிக் காட்டும் செக்‌ஷனைப் பார்த்தாலே தெரிகிறது. மார்க்கைக் குறையுங்கள், மறுபடி செய்யச் சொல்லுங்கள், ஃபெயில்கூட ஆக்குங்கள். மாடலை உடைக்காதீர்கள். நான் சொல்ல வந்தது இவ்வளவுதான்.

"அட்டைதானே, இதுக்கு ஏன் இவ்வளவு ஒப்பாரி" என்று ஒருவர் கமெண்ட் போட்டிருக்கிறார். அட்டைதான் சார். 1:200 ஸ்கேலில் 5 மில்லிமீட்டர் ஃபோம் போர்டு என்றால் நிஜத்தில் ஒரு மீட்டர். மனுஷன் 8 மில்லிமீட்டர் உயரம், சுண்டுவிரல் நகம் அளவு. அவன் ஏற ஒரு படிக்கட்டு வேண்டுமென்றால் ஒரு படி முக்கால் மில்லிமீட்டர். அவ்வளவு மெல்லிய அட்டையை ஒன்றின்மேல் ஒன்றாக, ஒவ்வொன்றையும் ஒன்றரை மில்லிமீட்டர் உள்ளே தள்ளி ஒட்ட வேண்டும். பசை ஒரு சொட்டு கூடினால் பிதுங்கி வந்து, காய்ந்த பிறகு பளபளவென்று காட்டிக்கொடுக்கும். பிளேடு மழுங்கிவிட்டால் ஃபோம் பிய்ந்து பல்லை இளிக்கும். விடிகாலை மூன்று மணிக்குக் கட்டர் ஸ்டீல் ஸ்கேலைத் தாண்டி விரலில் ஏறினால், வலி தெரிவதற்கு முன்னால் கையைத்தான் வெடுக்கென்று இழுப்போம். மாடலில் ரத்தம் பட்டுவிடக் கூடாதே என்று.

இது இன்றைக்கு நேற்று வந்த பைத்தியம் இல்லை. 19ஆம் நூற்றாண்டு பாரிஸில், எகோல் தெ போஸார் என்ற கலைக் கல்லூரி மாணவர்களின் டிராயிங்குகளைச் சேகரிக்க ஒரு தள்ளுவண்டி வருமாம். வண்டி நகர்ந்த பிறகும் அதில் தொற்றிக்கொண்டு கடைசிக் கோட்டை வரைந்த கதையைத்தான் எல்லோரும் சொல்வார்கள். வண்டிக்கு அங்கே பேர் 'ஷாரெட்'. சப்மிஷனுக்கு முந்தைய ராத்திரிக் கூத்துக்கு இன்றுவரை அதுதான் பேர்.

"நாங்க எல்லாம் இதைவிட வாங்கினவங்க, அதனாலதான் இன்னைக்கு நல்லா இருக்கோம்." ஆகா. நன்றாகத்தான் இருக்கிறீர்கள், ஒரு பையன் அவமானப்படுவதைப் பார்த்து வாய்விட்டுச் சிரிக்கிற அளவுக்கு.

"வெளியே கிளையண்ட் இதைவிட மோசம்." எனக்குப் பதினான்கு வருஷ வேலையில் எல்லா ரகக் கிளையண்டும் வாய்த்திருக்கிறார்கள். பிளானைப் பதினொரு தடவை மாற்றச் சொன்னவர் உண்டு, ஃபீஸ் தராமல் ஓடியவர் உண்டு. மாடலைத் தொடும்முன் "தொடலாமா மேடம்?" என்று கேட்காதவர் ஒருத்தர்கூட இல்லை.

ஒரே ஒரு நண்பர் மட்டும் நியாயமாகக் கேட்டார்: ஸ்டுடியோவில் ஆசிரியர்கள் மாடலை வெட்டித்தானே சொல்லித்தருகிறார்கள்? உண்மை. ஸ்டடி மாடல் வெட்டுவதற்கென்றே செய்வது. எனக்கு வாய்த்த நல்ல ஆசிரியர் ஒருவர் கட்டரை என் கையில் கொடுத்து, "இந்தச் சுவரை எடுத்துட்டு உள்ள குனிஞ்சு பாரு" என்பார். நானே வெட்டினேன், நானே பார்த்தேன். ஃபைனல் ஜூரியில், நாற்பது பேர் முன்னால், இன்னொருவர் பிய்த்துப்போடுவதும் இதுவும் ஒன்றா?

மூன்றாம் வருஷம் நான் ஒரு சரிவில் ஆரம்பப் பள்ளி டிசைன் செய்தேன். சரிவைக் காட்டும் கான்டூர் அட்டைகளை அடுக்கி ஒட்டவே இரண்டு ராத்திரி போயிற்று. மரம் செய்ய நேரமில்லை. அப்பா தூங்காமல் பக்கத்தில் உட்கார்ந்து, பழைய கரண்டு வயரை உரித்து, செம்புக் கம்பிகளை முறுக்கி அடிமரமாக்கி, நுனியைப் பிரித்துக் கிளையாக்கிக் கொடுத்தார். 43 மரம். ஜூரியில் ஒருவர் பேனா நுனியால் ஒன்றைத் தட்டி, "இது என்ன, துடைப்பக் குச்சியா?" என்றார். தட்டிக்கொண்டே போனார். டிசைனைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. வீட்டுக்குப் போனதும் அப்பா கேட்டார், "மரத்தைப் பத்தி ஏதாவது சொன்னாங்களாம்மா?" நல்லா இருக்குன்னு சொன்னாங்கப்பா என்றேன். அதற்குப் பிறகு படித்து முடிக்கிறவரை என் மாடல் எதிலும் நான் மரம் வைக்கவில்லை.

இதையும் சொல்லித்தான் ஆக வேண்டும். மூன்று வருஷத்துக்கு முன் நானும் ஒரு கல்லூரிக்கு ஜூரியாகப் போனேன். ஒரு பெண் வரைந்த எலிவேஷனை, அதாவது கட்டடத்தின் வெளிமுகப் படத்தை, பார்த்து ஏதோ நக்கலாகச் சொன்னேன். எல்லோரும் சிரித்தார்கள், எனக்கும் கொஞ்சம் குஷியாகத்தான் இருந்தது. அந்த நாற்காலி அப்படி. ஆனாலும் நான் எதையும் உடைக்கவில்லை. (இந்த 'ஆனாலும்' எனக்கே நொண்டுகிறது, தெரியும்.)

"கட்டவே முடியாத டிசைன், அதுக்கு எதுக்கு மரியாதை" என்பவர்களுக்கு: ஆர்க்கிடெக்ட் சாஹா ஹதீதின் படிப்புக்கால ஃபைனல் ப்ராஜெக்ட், தேம்ஸ் ஆற்றுப் பாலத்தின்மேல் ஒரு ஹோட்டல். 1976–77. அது கட்டப்படவே இல்லை. அவருடைய முதல் பெரிய கட்டடமான, ஜெர்மனியில் உள்ள விட்ரா தீயணைப்பு நிலையம் முடிந்தது 1993இல். 2004இல் கட்டடக்கலையின் மிகப் பெரிய விருதான ப்ரிட்ஸ்கர் பரிசு. நடுவில் எத்தனை பேர் "பேப்பர் ஆர்க்கிடெக்ட்" என்று நக்கலடித்திருப்பார்கள்!

மார்க் போடுகிறவர் சொல்வது வேதவாக்கும் இல்லை. அமெரிக்க ஆர்க்கிடெக்ட் மாயா லின் யேல் பல்கலைக்கழகத்தில் மாணவியாக இருந்தபோது செய்த வியட்நாம் போர் நினைவுச்சின்னத்துக்கு வகுப்பில் கிடைத்தது 'பி' கிரேடு. 1981இல் அதே டிசைன் 1,421 டிசைன்கள் வந்த போட்டியில் ஜெயித்தது. அப்போது வயது 21. போட்டியில் பேர் கிடையாது, வெறும் எண் மட்டும். அவர் முகத்தைப் பார்த்திருந்தால் ஜூரி என்ன சொல்லியிருக்குமோ! எதற்கு இதைச் சொல்ல ஆரம்பித்தேன் என்றே மறந்துவிட்டது, கோபத்தில் கை ஓடிக்கொண்டே இருக்கிறது.

தம்பி, இது உன் கண்ணில் படுமா, தெரியாது. அந்தக் கூரைத் துண்டைத் தூக்கிப் போட்டுவிடாதே. பழையபடி அப்படியே ஒட்டவும் வேண்டாம். நாலாக வெட்டி, வடக்குப் பக்கம் மட்டும் திறந்த, ரம்பத்தின் பல் மாதிரி ஏறி இறங்கும் கூரையாக நிறுத்திப் பார், கூடத்துக்குக் கண் கூசாத வெளிச்சம் வரும். முற்றத்துக்கு மரம் வேண்டுமென்றால் எனக்கு மெசேஜ் போடு. அப்பா இன்னும் வயர் சேர்த்து வைத்திருக்கிறார்.