இன்னொரு ஈடு ஊற்றலாமா?

மதுரை மேலப்பெருமாள் மேஸ்திரி வீதியில் ஒரு லாட்ஜில் பதினாறு ஆண்டுகளாக இரவுப் பணி பார்க்கிறேன். நள்ளிரவில் ரயிலை விட்டு இறங்கி வருகிறவர்கள் அறைச் சாவியை வாங்கியதும் கேட்பது ஒன்றுதான்: "இந்நேரத்தில் சாப்பிட என்ன கிடைக்கும்?" முன்பெல்லாம் வாசலுக்கு வந்து தெருவைக் கை காட்டிவிடுவேன். இப்போது சின்னக் கடைகளைப் பதினொரு மணியோடு மூட வைக்கிறார்கள்; அதனால் கடிகாரத்தைப் பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்கிறேன்.

போன வாரம் காசியிலிருந்து ராமேஸ்வரம் போகும் ஒரு குடும்பம் வந்தது. கூட ஒரு பாட்டி, சர்க்கரை நோய்க்காரர். பசியில் கை நடுங்கியது. முனையில் இருக்கும் இட்லிக் கடைக்கு அழைத்துப் போனேன். அடுப்பு அணைந்திருந்தது, விளக்கும் இல்லை. "போலீஸ் ரோந்து வண்டி இப்போதுதான் போனது, தம்பி" என்றார் கடைக்கார அக்கா. ஆனாலும் பாட்டியைப் பார்த்ததும் அவருக்கு மனம் கேட்கவில்லை. செல்போன் வெளிச்சத்தில் கொப்பரையைத் திறந்து, ஈரத்துணி மேல் தண்ணீர் தெளித்து, மிச்சமிருந்த நான்கு இட்லியை உரித்தெடுத்தார். பாதி இறக்கிய ஷட்டருக்குப் பின்னால், இருட்டில் நின்றபடியே பாட்டி சாப்பிட்டார். எனக்கு நெஞ்சு பொறுக்கவில்லை. பசிக்கு நான்கு இட்லி தின்பது திருட்டுக் காரியமா?

பத்துப் பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் கடைகள் 24 மணி நேரமும் திறந்திருக்கலாம் என்று 2019-இல் தமிழக அரசு ஆணையிட்டது. நல்ல ஆணை. ஆனால் மதுரையின் இரவுக்குச் சோறு போடுவது பெரிய கடைகளா? அக்காவும் அவர் மகனும் சேர்ந்தாலே இரண்டு பேர்தான். பருத்திப்பால் வண்டிக்காரர் தனி ஆள். பரோட்டாக் கடையில் மாஸ்டர், சால்னா ஊற்றும் பையன், கல்லாவில் முதலாளி, அவ்வளவே. பத்துப் பேருக்குச் சம்பளம் கொடுக்க முடிந்தவருக்கு இரவு முழுவதும் திறந்திருக்கிறது, இவர்களுக்குப் பதினொரு மணியோடு முடிந்துவிடுகிறது. இது என்ன நியாயம்?

அல்லங்காடி என்ற இரவுக் கடைவீதியை மதுரைக்காஞ்சி பாடி வைத்திருக்கிறது. தூங்கா நகரம் என்று நாம் பெருமை பேசுகிறோம். இங்கே இரவில் கண் விழிப்பவர்கள் கேளிக்கைக்காக விழிப்பதில்லை. மாட்டுத்தாவணியில் மல்லிகை மூட்டை இறக்குகிறவர், ஆஸ்பத்திரியில் நோயாளிக்குத் துணை இருப்பவர், கடைசி பஸ்ஸை ஓட்டிவிட்டு வருகிற டிரைவர். இவர்களுக்குத்தான் அந்தக் கொத்துப் பரோட்டாச் சத்தம்.

அந்தச் சத்தம் மாடியில் தூங்கும் முதியவருக்குத் தொல்லை என்பதும் உண்மை. எச்சில் இலையைச் சாக்கடையில் தள்ளுகிற கடைக்காரரைக் கண்டித்தே ஆக வேண்டும். அதற்கு அபராதம் போடுங்கள், குப்பைத் தொட்டி வையுங்கள். பெண்கள் போகிற மாதிரி ஒரு கழிப்பறையை இரவிலும் திறந்து வையுங்கள்; வெளியூர்ப் பெண்கள் என்னிடம் தயங்கித் தயங்கிக் கேட்பது அதைத்தான். வீடுகள் நெருங்கிய சந்துகளை விட்டுவிட்டு, டவுன்ஹால் ரோடு, ரயில் நிலையம் பக்கமாவது சின்னக் கடைகளுக்கும் விடியும்வரை அனுமதி கொடுங்கள்.

நேற்று இரவு பத்தே முக்காலுக்கு டீ வாங்கப் போனேன். அக்கா மாவுச் சட்டிக்குள் எட்டிப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"தம்பி, இன்னொரு ஈடு ஊற்றலாமா, வேண்டாமா?"

"ஊற்றுங்கள் அக்கா. பன்னிரண்டு மணி ரயிலில் ஆள் வருகிறார்கள்" என்றேன்.