அட்டை மட்டும்தான் புத்தகமா?

"நியர் மிண்ட்", அதாவது ஏறக்குறைய புத்தம் புதிது, என்ற இரண்டு சொற்களை எழுதக் கட்டணம் வைத்தால்தான் பழைய காமிக்ஸ் விற்கும் இந்த ஆட்கள் திருந்துவார்கள்.

1974இல் வந்த ஒரு மார்வெல் காமிக்ஸ் இதழ். விற்றவர் விளம்பரத்தில் பத்துக்கு 9.4 என்று மதிப்பெண் போட்டிருந்தார். "பக்கங்கள் வெள்ளை, பின்கள் துருவில்லை, சேகரிப்பாளரின் கனவு" என்றெல்லாம் வர்ணனை. மூன்றே படங்கள், மூன்றும் மைலார் என்ற பளபளக்கும் பிளாஸ்டிக் உறைக்குள் வைத்து எடுத்தவை. உறையின் பளபளப்பில் முதுகு மடிப்பிலுள்ள கீறல்கள் தெரியாது என்பது எடுத்தவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். தெரிந்தே வாங்கினேன், அந்தப் பிழை என்னுடையது. பார்சலைப் பிரித்தேன். முன்னட்டை நன்றாகத்தான் இருந்தது. உள்ளே புரட்டினால் வாசகர் கடிதப் பக்கத்தில் கத்தரியால் வெட்டிய ஓர் ஓட்டை.

இந்தப் பொழுதுபோக்கில் இருப்பவர்களுக்கு உடனே புரிந்திருக்கும். 1974 முதல் கொஞ்ச காலம் மார்வெல் தன் இதழ்களில் 'வேல்யூ ஸ்டாம்ப்' என்று சின்னச் சின்னப் படங்களை அச்சிட்டு, வெட்டிச் சேர்க்கச் சொன்னது. பிள்ளைகள் சொன்னபடி வெட்டினார்கள். அவர்கள் மேல் எனக்குக் கோபமே இல்லை. வோல்வரின் என்ற நாயகன் முதன்முதலாக முழுமையாகத் தோன்றும் ஹல்க் தொடரின் 181ஆம் இதழிலும் அந்த ஸ்டாம்ப் உண்டு. எத்தனை பிரதிகளில் அது போய்விட்டதோ! அதனால்தான் அந்தக் கால இதழ் எதை வாங்கினாலும் முதல் கேள்வி, "ஸ்டாம்ப் இருக்கிறதா?" நானும் கேட்டேன். "எல்லாம் முழுமை" என்று பதில் வந்தது. சோற்றில் முழுப் பூசணிக்காய் என்பார்களே, அது இதுதான்.

புகார் சொன்னதும் வந்த விளக்கம் இன்னும் அழகு. "நான் அட்டையைப் பார்த்துத்தான் கிரேடு போட்டேன்." சரி, ஸ்டாம்ப் பற்றிக் கேட்டேனே? "கிரேடிங் என்பது அவரவர் பார்வை."

முதுகில் இருப்பது இரண்டு கீறலா மூன்றா, மூலை லேசாக மழுங்கியிருக்கிறதா, காகிதம் வெள்ளையா பாதி வெள்ளையா என்பதில் பார்வை மாறலாம். நானே காலையில் 9.0 என்பேன், மாலை விளக்கில் 8.5 என்பேன். ஆனால் ஓட்டை எப்படி ஐயா பார்வையைப் பொறுத்தது? காகிதம் இருக்கிறது அல்லது இல்லை. விற்கும்வரை 9.4 என்பது கல்வெட்டு. பணம் கைமாறியதும் அது வெறும் அபிப்பிராயம்.

இந்தத் தொல்லைக்காகத்தானே மூன்றாவது ஆளை வைத்தார்கள்? 1970இல் ஓவர்ஸ்ட்ரீட் விலைக் கையேடு வந்த பிறகு, இந்த நிலையில் இருந்தால் இந்த விலை என்று பேச ஒரு பொது மொழி கிடைத்தது. ஆனாலும் விற்பவரே மதிப்பெண் போடும் வழக்கம் போகவில்லை. 2000இல் சிஜிசி என்ற தர மதிப்பீட்டு நிறுவனம் வந்து, 0.5 முதல் 10 வரை ஓர் எண்ணைக் கொடுத்துப் பிளாஸ்டிக் பெட்டிக்குள் அடைக்க ஆரம்பித்தது. பிறகு வேறு சில நிறுவனங்களும் வந்தன. அப்பாடா, சண்டை தீர்ந்தது என்று நினைத்தோம். சண்டை இடம் மாறியதுதான் மிச்சம். முன்பு புத்தகத்தைப் பார்த்துச் சண்டை போட்டோம், இப்போது லேபிளைப் பார்த்து. 9.6க்கும் 9.8க்கும் நடுவில் இருப்பது பூதக்கண்ணாடியில் தேட வேண்டிய ஒரு புள்ளி. ஆனால் விலையில் பல மடங்கு வித்தியாசம்!

என் கதையையே சொல்கிறேன். ஒரு பிரதியை அனுப்பி 8.5 வாங்கினேன். எந்த நிறுவனம் என்பது இங்கே தேவையில்லை. 8.5 என்றே விற்றேன். வாங்கியவர் பெட்டியை உடைத்து, புத்தகத்தை வெளியே எடுத்து, பிரெஸ்ஸிங்குக்குக் கொடுத்து, மறுபடி அனுப்பி 9.2 வாங்கிவிட்டார். பிரெஸ்ஸிங் என்றால் ஈரப்பதமும் சூடும் கொடுத்து அழுத்துவது. மை விரிசல் விடாத மடிப்புகள் அதில் மறையும், மை உடைந்த கோடு அப்படியே நிற்கும். வண்ணம் பூசினால் 'ரெஸ்டோர்' செய்தது, அதாவது பழுதுபார்த்தது, என்று சிஜிசியில் ஊதா லேபிள் கிடைக்கும். அழுத்தினால் வழக்கமான நீல லேபிளே வரும், அழுத்திய கதை அதில் எங்கும் இருக்காது. விதிப்படி எல்லாம் சரி. எனக்குத்தான் வயிறு எரிகிறது. இன்னொரு கூத்து: பழைய லேபிளைத் திருப்பி அனுப்பாவிட்டால், எந்தத் தரத்தில் எத்தனை பிரதிகளுக்கு மதிப்பெண் போட்டோம் என்று நிறுவனம் காட்டும் கணக்கில் அந்த 8.5உம் இருக்கும், புதிய 9.2உம் இருக்கும். ஒரே புத்தகம் இரண்டாகப் பிறந்துவிடுகிறது. அந்தக் கணக்கைக் காட்டி "இந்தத் தரத்தில் இத்தனைதான் உண்டு" என்று விலை ஏற்றுகிறார்கள்.

பெட்டியையாவது நம்பலாம் என்றால் அதுவும் போயிற்று. 2023 இறுதியில், பெட்டியைத் தடயமில்லாமல் திறந்து, உள்ளே மட்டமான பிரதியை மாற்றி வைத்த விவகாரம் வெடித்தது. சந்தேகத்துக்குரிய சான்றிதழ் எண்களை சிஜிசியே பட்டியலிட வேண்டியதாயிற்று.

வாங்குபவர்கள் மட்டும் என்ன, உத்தமர்களா? ஒருவர் என்னிடம் வாங்கிய பிரதியை "விவரித்தபடி இல்லை" என்று திருப்பி அனுப்பினார். வந்து சேர்ந்தது என் பிரதியே இல்லை. என்னுடையதில் மேலே உள்ள ஸ்டேபிள் பின், மடிப்பிலிருந்து ஒரு மயிரிழை விலகியிருக்கும். இதில் இரண்டு பின்னும் நேராக நின்று என்னைப் பார்த்துச் சிரித்தன. நல்லவேளை, அனுப்பும் முன் இரண்டு பின்களையும் நெருக்கத்தில் படம் எடுத்து வைத்திருந்தேன். அதைக் காட்டி மீள்வதற்குள் ஒரு மாதம் போய்விட்டது. (நானும் ஒரு காலத்தில் 7.0ஐ 8.0 என்று எழுதி விற்றவன்தான். கண்ணை மூடிக்கொண்டு, நல்ல வெளிச்சத்தில் பார்த்தால் 8.0தான் என்று சொல்லிக்கொண்டேன். இப்போது சொல்லவே கூச்சமாக இருக்கிறது.)

சரி, ஸ்டாம்ப் விவகாரத்துக்கு வருகிறேன். பத்து நாள் இழுத்தடித்தார். படங்கள் கேட்டார், அனுப்பினேன். அளவுகோல் வைத்து எடுக்கச் சொன்னார், எடுத்தேன். அந்த ஓட்டை நான் வெட்டியது இல்லை என்பதற்கு என்ன சாட்சி என்று கேட்டார்! ஐம்பது ஆண்டுப் பழுப்பு அந்த வெட்டு விளிம்பில் ஏறியிருப்பதைப் பெரிதாக்கிக் காட்டிய பிறகுதான் அமைதியானார்.

நேற்று இரவு அவரிடமிருந்து செய்தி. முழுப் பணமும் திருப்பித் தரும் வழக்கம் அவருக்கு இல்லையாம். வேண்டுமானால் புத்தகத்தை அவரே என்னிடமிருந்து வாங்கிக்கொள்கிறாராம். கொடுத்த பணத்தில் கால்வாசி கூட வராத ஒரு தொகையைக் குறிப்பிட்டு, காரணத்தையும் பொறுமையாக எழுதியிருந்தார்: "உள்ளே ஸ்டாம்ப் வெட்டியிருக்கிறது, முதுகிலும் கீறல்கள் தெரிகின்றன. இதற்கு 2.0க்கு மேல் யாரும் கொடுக்க மாட்டார்கள்."