இடைநீக்கத்தால் டியூக்குக்கு என்ன கிடைத்தது?
தவறிய நடுவர்களுக்கான தண்டனையைப் பகிரங்கமாக அறிவித்தால்தான் அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலில் (பந்தைக் கையில் பிடித்து ஓடும் ஆட்டம்) பொறுப்புணர்வு வரும் என்கிறது கட்டுரை. எனக்கு அப்படித் தோன்றவில்லை. 2015இல் டியூக் பல்கலைக்கழக அணிக்கு எதிரான ஆட்டத்தின் கடைசி நொடியில் மியாமி வீரர்கள் எட்டு முறை பந்தைக் கைமாற்றி டச்டவுன் போட்டார்கள், அதாவது எதிரணியின் கடைசிக் கோட்டைத் தாண்டிப் புள்ளி எடுத்தார்கள். நடுவில் ஒருவரின் முழங்கால் தரையில் பட்டிருந்தது. அங்கேயே ஆட்டம் நின்றிருக்க வேண்டும், ஆனால் நடுவர்கள் ரீப்ளே பார்த்தும் விட்டுவிட்டார்கள். மறுநாளே அவ்விரு அணிகளும் ஆடும் லீக்கான ஏசிசி அந்த நடுவர் குழுவை இரண்டு ஆட்டங்களுக்கு நிறுத்தி வைத்தது. சரி, டியூக்குக்கு என்ன கிடைத்தது? 30-27 தோல்வி அப்படியே நின்றது. 2006இல் ஒக்லஹோமா–ஓரிகன் ஆட்டத்தின் ரீப்ளே நடுவருக்கு, தவறான முடிவுக்காகக் கொலை மிரட்டலே வந்தது. 1940இல் நடந்ததையும் பாருங்கள்: நடுவர் கணக்குத் தவறி, நான்கு டவுன் (முயற்சி) மட்டுமே உள்ள இடத்தில் ஐந்தாவது கொடுத்ததில் கார்னெல் டார்ட்மத்தை வென்றது. படச்சுருளைப் பார்த்துத் தவறு உறுதியானதும் நடுவரே ஒப்புக்கொண்டார், கார்னெல் வெற்றியை விட்டுக்கொடுத்தது. மிரட்டலுக்குப் பயந்தவர் அப்படி வாய் திறப்பாரா? 'நடுவர்கள் சம்பளம் வாங்குகிறார்கள், திட்டும் வாங்கட்டும்' என்று மேலே கருத்து எழுதியவருக்கு ஒன்று. டெக்சாஸில் என் மகனின் பள்ளி ஆட்டங்களில் எல்லைக்கோட்டில் தூரம் அளக்கும் சங்கிலி பிடித்து நிற்பேன். ஒரு இரவு ஆட்டம் முடிந்ததும் அறுபது வயது நடுவர் ஒருவர், வாகன நிறுத்தத்தில் கத்திக்கொண்டிருந்த பெற்றோர் கலையும்வரை என் பக்கத்திலேயே நின்றார். விசிலைப் பிடித்திருந்த விரல்கள் நடுங்கின. அடுத்த பருவத்தில் அவர் வரவில்லை. அவருக்குப் பதிலாக வந்த பையனுக்கு இன்னும் விதிகளே சரியாகத் தெரியவில்லை.