தார் ரோட்டில் ஃபோர் வீல் போடாதீர்கள்

“பழைய மாருதி ஜிப்ஸி ஜீப்தானே, அடிவாரத்திலேயே ஃபோர் வீல் போட்டுவிட்டு ஏற்காடு ஏறுங்க, வளைவில் பிடிப்பு கூடும்” என்று ஒரு நண்பர் எழுதியிருக்கிறார். ஃபோர் வீல் போடுவது என்றால், இன்ஜின் இழுவை பின்சக்கரத்தோடு முன்சக்கரத்துக்கும் போகும்படி லிவரை மாற்றுவது. தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள்.

ஜிப்ஸியில் நடு டிஃபரென்ஷியல் (முன், பின் சக்கரங்கள் வெவ்வேறு வேகத்தில் சுற்ற விடும் பல்சக்கர அமைப்பு) கிடையாது. ஃபோர் வீல் போட்டால் முன், பின் அச்சுகளுக்கு இழுவையைக் கொண்டுபோகும் புரொப்பெல்லர் ஷாஃப்ட் இரண்டும் ஒரே வேகத்தில்தான் சுற்றும். ஆனால் வளைவில் முன்சக்கரம் பின்சக்கரத்தைவிட அதிக தூரம் ஓட வேண்டும். சேற்றில் சக்கரம் கொஞ்சம் வழுக்கி அதைச் சரிக்கட்டிக்கொள்ளும். காய்ந்த தாரில் வழியில்லை. முறுக்கு முழுவதும் டிரான்ஸ்ஃபர் கேஸிலும் (இழுவையை முன்னும் பின்னும் பிரித்து அனுப்பும் பெட்டி) யுனிவர்சல் ஜாயின்ட்டிலும் (ஷாஃப்டின் மடங்கும் மூட்டு) ஏறும். சேலம் பக்கத்திலிருந்து ஏறினால் 20 கொண்டை ஊசி வளைவுகள், யோசித்துப் பாருங்கள். எனக்கே ஒருமுறை ஸ்டீரிங் கல்லாகி, லிவர் டூ வீலுக்கு வரவே மாட்டேன் என்றது. நேராகச் சில அடி ரிவர்ஸ் எடுத்த பிறகுதான் ‘டக்’ என்று விட்டது.

காபித் தோட்டத்து மண்பாதை தொடங்கும் இடத்தில் இறங்கி, முன்சக்கரத்தின் நடுவில் உள்ள ஹப்பைத் திருகிப் பூட்டுங்கள்; அப்போதுதான் சக்கரம் அச்சோடு இணையும். அப்புறம் லிவரைப் போடுங்கள். ஹப்பைப் பூட்டாமல் லிவரை மட்டும் போட்டால் முன்சக்கரத்துக்கு இழுவையே போகாது. (இதுவும் பலருக்கு நடப்பதுதான்!)

ஃபோர் வீல் போட்டால் பிரேக் நன்றாகப் பிடிக்கும் என்பதை நம்பித் தார் ரோட்டில் இறங்கவே வேண்டாம். அங்கே செகண்ட் கியரே போதும். பழைய வண்டி என்றால் டயரின் பக்கவாட்டில் உள்ள நாலு இலக்கத்தை முதலில் பாருங்கள்: 2314 என்றிருந்தால் 2014-இன் 23-வது வாரம். பட்டன் (டயரின் மேல்பள்ள வரிகள்) எவ்வளவு இருந்தாலும் ரப்பர் கிழடுதான்.