பட்டறை மேசைக்கு மைக்கா எதற்கு?

வீட்டிலேயே மரவேலை பழகுகிறவர்கள் கூடிவிட்டார்கள், சந்தோஷம். ஆனால் சொந்தமாக மேசை செய்து படம் போடுகிறவர்களில் பலர் மேலே பளபளவென்று மைக்கா ஒட்டி வைத்திருக்கிறார்கள். அதைப் பார்க்கும்போதெல்லாம் என் இடது கைப் பெருவிரல் லேசாக வலிக்கிறது.

நானும் அதைத்தான் செய்தேன். சமையலறை அலமாரி வேலையில் மிஞ்சிய துண்டு ஒன்று கிடந்தது. கீறல் விழாது, ஃபெவிகால் பிடிக்காது, துடைத்தால் போச்சு என்று கணக்குப் போட்டு ஒட்டினேன். எல்லாம் சரிதான், மேலே வைத்த மரமும் பிடிக்கவில்லை. வேப்பஞ்சட்டம் ஒன்றில் உளியை வைத்துக் கொட்டாப்புளியால் ஒரு தட்டு. சட்டம் வழுக்கிக்கொண்டு போனது, உளி விரலுக்கு வந்தது. நான்கு தையல். அப்புறம் வீட்டுக்குக் கதவு மாட்ட வந்த ஆசாரி மேசையைத் தடவிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "இதுல தோசை ஊத்தப் போறீங்களா சார்?"

அவர் தரையில் உட்கார்ந்து, காலால் மரத்தை அமுக்கிக்கொண்டு இழைக்கிறவர். உளி வேலைக்கு அடியில் ஒரு பழைய கட்டை வைத்திருந்தார். அதன் மேலெல்லாம் வெட்டுக்காயம். யாரும் அதற்குப் பாலிஷ் போட்டதில்லை. எனக்கு முட்டி ஒத்துழைக்காது, அதனால்தான் நின்று வேலை செய்ய மேசை. ஆனால் மேசையும் அந்தக் கட்டை மாதிரிதான் இருக்க வேண்டும் என்பது என் கட்சி: கனமாக, சமமாக, அடி வாங்குகிற அளவுக்கு மென்மையாக. மைக்காவில் உளி பட்டால் உளி மழுங்கும். மரத்தில் பட்டால் மேசைக்கு ஒரு தழும்பு, அவ்வளவுதான்.

சரி, எந்த மரம்? 18-ஆம் நூற்றாண்டு பிரெஞ்சுத் தச்சர் ரூபோ, எல்ம் அல்லது பீச் மரத்தில் ஐந்தாறு அங்குலத் தடிமன் சொன்னார். அவர் ஊரில் அது சரி. இங்கே பழைய வீடு இடிக்கிற இடத்தில் தேக்கு உத்தரம் கிடைத்தால் ராஜ மேசை செய்யலாம், உள்ளே ஒடிந்து கிடக்கும் ஆணிகளைத் தேடி எடுக்கப் பொறுமை இருந்தால். புதுப் பலகைகளைச் சேர்த்து ஒட்டினால் மழைக்காலத்தில் அகலவாக்கில் விரியும், கோடையில் சுருங்கும். அசையவிடாமல் இறுக்கி வைத்தால் வெடிப்பு நிச்சயம். மரநாரைப் பசையோடு அழுத்திச் செய்கிற எம்.டி.எஃப். பலகை நல்ல சமம்தான். ஆனால் என் பட்டறை போர்டிகோவில் இருக்கிறது. ஒரு ஐப்பசிச் சாரலுக்கே அதன் ஓரம் டீயில் முக்கிய ரஸ்க் மாதிரி ஊதிவிடும்.

கடைசியில் பிளைவுட்தான். எட்டுக்கு நான்கு, 18 மில்லி ஷீட் ஒன்று, சுமார் 35 கிலோ. கடையிலேயே நீளவாக்கில் இரண்டாக அறுத்து வாங்கி, ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டினால் எட்டடிக்கு இரண்டடி, 36 மில்லித் தடிமன். துண்டு வீணாகாது. சாரல் அடிக்கும் இடமென்றால் 710 கிரேடு கேளுங்கள், கொதிநீரில் 72 மணிநேரம் போட்டுச் சோதிக்கிற ரகம். உள்ளறைக்குச் சாதா 303 போதும். ஒட்டும்போது கிளாம்ப் பற்றாது. அதனால் அடிப்பக்கமிருந்து 30 மில்லி ஸ்க்ரூ போட்டு இறுக்கி, மறுநாள் எல்லாவற்றையும் கழற்றிவிடுங்கள். பின்னால் மேசையில் துளை போடும்போது ட்ரில் பிட் போய் ஸ்க்ரூவில் முட்டினால்தான் அருமை தெரியும். எனக்குத் தெரிந்தது.

மேலே 6 மில்லி பிளைவுட் ஒன்றை ஒட்டாமல், நான்கு மூலையில் மட்டும் ஸ்க்ரூ போட்டு, தலையை நன்றாக உள்ளே இறக்கி வைத்திருக்கிறேன். வெட்டு, துளை, பெயின்ட், பசை எல்லாம் அதற்கு. பார்க்கச் சகிக்காமல் போனால் புரட்டிப் போடுவேன், அப்புறம் மாற்றுவேன். வார்னிஷ் வேண்டாம், வழுக்கும். ஆளிவிதை எண்ணெய் ஒரு கை தேய்த்தால் போதும். தேய்த்த துணியை மட்டும் சுருட்டிப் போடாதீர்கள், தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். விரித்துக் காயப் போடுங்கள்.

பழைய மைக்காத் துண்டைத் தூக்கிப் போடவில்லை. சட்டங்களைப் பசை தடவிச் சேர்க்கும்போது அடியில் விரிக்கிறேன். வழிகிற ஃபெவிகால் காய்ந்ததும் தோலாக உரிந்து வந்துவிடுகிறது.